ஆபரேஷன் தள்ளிப்போனது என்னால்தான்

பிரபு,

நேற்று நீ ஃபோனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "எதுக்கும்மா இப்படிப் பண்ணின? எல்லாம் ஃபிக்ஸ் ஆயிருந்தது. நான் லீவுகூடப் போட்டாச்சு" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் ஆபீஸிலிருந்து உனக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. "அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். உன்னுடைய அப்புறங்கள் எனக்குப் பழக்கம். அதனால்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேன். உனக்குத் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இங்கிலீஷில் எழுதினால் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போய்க் கடைசி வரியைப் பார்த்துவிட்டு "ஓகேம்மா" என்று அனுப்பிவிடுவாய். இதை அப்படித் தாண்டிப் போக உன்னால் முடியாது. உட்கார்ந்து படி.

ஆமாம், உன் மாமனாருக்கு, ஸ்ரவந்தியின் அப்பாவுக்குக் குறித்திருந்த மூளை ஆபரேஷன் தள்ளிப்போனது என்னால்தான். நான் அவரைப் பயமுறுத்திவிட்டேன் என்கிறாய் நீ. அவர் மானத்தை வாங்கிவிட்டேன் என்கிறாள் உன் மனைவி. இரண்டு பேரும் மாறி மாறி என்னைக் கண்டிக்கிறீர்கள், நான் ஏதோ அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோனவள் மாதிரி. எனக்கு எரிச்சலாக இருக்கிறது. எழுபது வயதைத் தாண்டியவளுக்குக் கோபம் வந்தால் பி.பி. மாத்திரை போட்டாளா என்றுதான் கேட்பீர்கள். போட்டேன். போட்ட பிறகும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ சந்தோஷமாகச் சொன்ன ஒரு வாக்கியத்தில் இருந்துதான் இதெல்லாம் ஆரம்பித்தது. "மாமாவுக்கும் தலைல கட்டியாம்மா. கேன்சர் இல்ல, அவசரமும் இல்ல. டேட் வாங்கியாச்சு. நீ கவலைப்படாத, உனக்குப் பண்ணின மாதிரியே எல்லாம் அரேஞ்ச் பண்ணிட்டேன்." அப்போது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். எனக்குப் பண்ணின மாதிரியே. எனக்கு என்ன பண்ணினாய் என்று உன்னிடம் யாரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. நீ பயந்துபோயிருந்தாய், அலைந்தாய், இளைத்தாய். அதைப் பார்த்த பிறகு குறை சொல்ல மனசு வரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "எம்பிள்ளை நல்லாப் பாத்துக்கிட்டான்" என்றே சொன்னேன். அது பாதி உண்மை. மீதியை இப்போது சொல்லியாக வேண்டும். அதே கட்டிலில் இன்னொருவர் போய்ப் படுக்கப் போகிறார்.

என் இடது கால் இழுக்க ஆரம்பித்ததை நீ மறந்திருக்க மாட்டாய். கடைத்தெருவில் பஸ் ஏறும்போது படிக்கட்டுக்குக் கால் தூக்க வரவில்லை. பின்னால் நின்ற ஒரு பெண் இடுப்பைப் பிடித்து ஏற்றிவிட்டாள். ஸ்கேன் எடுத்ததில் மூளையைச் சுற்றியிருக்கும் உறையில் ஒரு கட்டி என்றார்கள். சர்ஜன் அலட்டிக்கொள்ளாத மனிதர். மெதுவாக வளர்கிற கட்டிதான், எடுத்துவிட்டால் சரியாகிவிடும், சில வாரம் கழித்துத் தேதி வைத்துக்கொள்ளலாம் என்றார். அந்தச் சில வாரங்கள் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது தெரியாது. திடீரென்று மயங்கி விழுந்து ஆம்புலன்ஸில் போகிறவர்களுக்கு அந்த வாரங்கள் கிடைப்பதில்லை. எனக்குக் கிடைத்தன. நடந்து, சாப்பிட்டு, உடம்பைத் தேற்றி, என்ன நடக்கப்போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போயிருக்கலாம். நீ வந்து என்னை ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டிலிருந்து காரில் ஏற்றிக் கச்சிபௌலிக்குக் கொண்டுபோய் உன் ஃப்ளாட்டின் சோபாவில் உட்கார வைத்தாய். "ரெஸ்ட் எடும்மா." தண்ணீர் எடுக்க எழுந்தால் "நீ ஏம்மா எழுந்துக்கற?" வராண்டாவில் நடக்கப் போனால் "தலை சுத்தினா என்ன பண்றது?" உன் அப்பா போன பிறகும் தனியாக மாடி ஏறித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் நான். ஆபரேஷன் நாள் வந்தபோது அந்த சோபாவிலிருந்து எழுந்திருக்க எனக்கு ஒரு கை தேவைப்பட்டது. பாதி கட்டி செய்தது, பாதி சோபா செய்தது.

என்ன ஆபரேஷன் என்று கேட்டபோதெல்லாம் "சின்ன ப்ரொசீஜர்தாம்மா" என்றாய். டாக்டரும் நீயும் என் தலைக்கு மேலே இங்கிலீஷில் பேசிக்கொண்டீர்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியும், பிரபு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கை அதில்தான் சொல்லிக்கொடுத்தேன். எனக்குக் காதுதான் மந்தம். அதற்கும் மிஷின் இருக்கிறது. என்னைப் பார்த்துப் பேசினால் மிஷின் இல்லாமலேகூடப் பாதி புரியும். ஒருத்தரும் என்னைப் பார்த்துப் பேசவில்லை. முடியை எடுப்பார்கள் என்பதே அன்று காலை ஒரு பெண் கத்தரிக்கோலோடு வந்து நின்றபோதுதான் தெரிந்தது. தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் முதல் நாளே வந்து, இன்ன நேரம் வரைக்கும் வெறும் தண்ணீர் குடிக்கலாம், குடிப்பது நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். நீ "எதுக்கு ரிஸ்க்" என்று பாட்டிலை எடுத்து உன் பையில் வைத்துக்கொண்டாய். எனக்கு முன்னால் போனவரின் ஆபரேஷன் நீண்டுகொண்டே போனது. என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தாகம்தான் நான் கடைசியாக நினைத்துக்கொண்டது. உன்னைக்கூட நினைக்கவில்லை.

கண் விழித்த பிறகு நடந்ததைத்தான் நீ சரியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நீ கட்டிலுக்கு வெளியிலிருந்துதான் பார்த்தாய். எனக்குக் கண்ணாடி இல்லை. காது மிஷின் இல்லை. இரண்டையும் ஒரு கவரில் போட்டு உன் கையில் கொடுத்திருக்கிறார்கள். நீ பத்திரமாகக் கார் டிக்கியில் வைத்துவிட்டாய். முகமூடி போட்ட முகங்கள் குனிந்து குனிந்து ஏதோ கேட்டன. உதடு தெரிந்தாலாவது ஊகித்திருப்பேன். ஒரு நர்ஸ் தெலுங்கில் "மீரு எக்கட உன்னாரு?" என்று கேட்டிருக்கிறாள். நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று அர்த்தம். எனக்கு "எக்கட உண்டாரு" என்று காதில் விழுந்தது. எங்கே குடியிருக்கிறீர்கள் என்று. "ஏ.எஸ்.ராவ் நகர்" என்றேன். அவ்வளவுதான் வித்தியாசம். பாட்டிக்கு இடம் தெரியவில்லை, குழப்பத்தில் இருக்கிறார் என்று குறித்துக்கொண்டார்கள். அடுத்த முறை கேட்டபோதும் அதையே சொன்னேன், இன்னும் சத்தமாக. கேட்டதற்குச் சரியாகத்தானே பதில் சொல்கிறேன், ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று எனக்குக் கோபம்.

பிறகு உண்மையாகவே குழம்பிப்போனேன். அதை மறைக்க மாட்டேன். அங்கே பகலும் இல்லை, ராத்திரியும் இல்லை. ஒரே வெளிச்சம். மிஷின்களின் சத்தம் பள்ளிக்கூட மணியாகிவிட்டது. அந்த அறை பரீட்சை ஹால். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் எட்டிப் பார்த்துக் காப்பியடிக்கிறார். நேரம் முடிந்துவிட்டது, நான் பேப்பரை வாங்க வேண்டும், எழுந்திருக்க விட மாட்டேன் என்கிறார்கள். கையில் இருந்த ஊசிக் குழாயைப் பிடுங்கிவிட்டேனாம். இரண்டு கைகளையும் கட்டில் கம்பியில் கட்டினார்கள். மெத்தென்ற துணிதான், அம்மாவின் பாதுகாப்புக்காகத்தான் என்று உன்னிடம் சொன்னார்களாம். கட்டிப்போடப்பட்டவளுக்குத் துணியின் மென்மை தெரியாது. நான் என்ன தப்பு செய்தேன் என்று அழுதது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. மயக்கத்தில் நடந்ததெல்லாம் மறந்துபோகும் என்று உன்னிடம் யாரோ சொன்னார்களே, அது தப்பு. எனக்குப் பல விஷயம் மறந்தது. இது மறக்கவில்லை.

அந்த நேரத்தில் நீ ஃபோனை எடுத்து வீடியோ பிடித்தாய். நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். டாக்டரிடம் காட்டத்தான் எடுத்தேன் என்று பிறகு சொன்னாய், நம்புகிறேன். ஆனால் அது குடும்ப குரூப்புக்கும் போயிருக்கிறது. உன் சித்தப்பா வீட்டுக் காதுகுத்து விழாவில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சரம்மா, ஐ.சி.யூ.லகூடப் பேப்பர் வாங்க வந்துட்டீங்களாமே" என்று சிரித்தாள். எனக்குப் புரியவில்லை. ஃபோனை நீட்டினாள். தலையில் கட்டுப் போட்டு, கண் எங்கேயோ நிலைகுத்தி, வாயோரம் எச்சில் வழிய, "பேனாவைக் கீழே வை" என்று கத்திக்கொண்டிருந்த கிழவியை நான் பார்த்தேன். பாயசம் அப்படியே இருந்தது, எழுந்து வந்துவிட்டேன். உன்னிடம் கேட்டபோது, "எல்லாரும் பாசத்துலதாம்மா பாத்தாங்க" என்றாய். இருக்கலாம். ஆனால் இதற்கு மேல் இந்த விஷயத்தை நீ பாசம் என்று சொல்லாதே.

என்னை அந்தப் பரீட்சை ஹாலில் இருந்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தது யார் தெரியுமா? உன் மனைவி. வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு நாள் காலையில் வந்தவள், நான் அவள் வாயையே பார்ப்பதைக் கவனித்திருக்கிறாள். "அத்தய்யாவோட மிஷின் எங்க?" என்று உன்னைக் கேட்டு, சாவியை வாங்கிக்கொண்டு, கீழே போய் டிக்கியில் தேடி எடுத்துவந்தாள். மிஷினை மாட்டினாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டாள், ஜன்னல் திரையை விலக்கினாள். என் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, அவளுடைய உடைந்த தமிழில், "அத்தய்யா, நான் ஸ்ரவந்தி. இது ஹாஸ்பிடல். உங்க ஆபரேஷன் ஆயிடுச்சு, நல்லா ஆயிடுச்சு. இப்ப காலைல. நீங்க டீ குடிக்கறீங்களா?" என்றாள். அவ்வளவுதான். ஒரே பேச்சில் எல்லாம் தெளிந்துவிடவில்லை. மத்தியானம் மறுபடி குழம்பினேன், அவள் மறுபடி சொன்னாள். அலுக்காமல் சொன்னாள். இரண்டு மூன்று நாளில் அந்தப் பரீட்சை முடிந்தது. இப்போது என்மேல் அவள் கோபமாக இருக்கிறாள். அவள் கோபம் எனக்கு வலிக்கிறது. ஆனால் அவள் எனக்குச் செய்ததைத்தான் நான் அவள் அப்பாவுக்குச் செய்யப் பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நீ மறுபடியும் என்னைப் படுக்க வைத்தாய். ஒரு ஏஜென்சியில் இருந்து அட்டெண்டர் பெண், வீல்சேர், டயப்பர், அறையில் ஒரு கேமரா. பாத்ரூம் பத்தடியில் இருக்கிறது, கைபிடித்தால் போய்விடுவேன் என்று எத்தனை முறை சொன்னேன். "விழுந்துட்டா மறுபடி தலைல அடிபடும்மா" என்றாய். அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் படுத்தே கிடந்ததில் மலச்சிக்கல், அதில் முக்கினால் தலைவலி, தலைவலிக்கு மாத்திரை, மாத்திரையில் தூக்கம், பகலில் தூங்கினதால் ராத்திரி விழிப்பு, ராத்திரி விழித்தால் மறுநாள் குழப்பம். இதைப் போய் ஒரு மகனிடம் எழுத வேண்டியிருக்கிறதே என்று கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை யாரும் எழுதுவதில்லை. கட்டியை எடுத்ததைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், வயிறு போகாத கிழவியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ரிவ்யூவுக்குப் போன அன்று என்னை வீல்சேரில் தள்ளிக்கொண்டு உள்ளே போனாய். சர்ஜன் என்னைப் பார்த்து, "எப்படி இருக்கீங்க, நடக்கறீங்களா?" என்று தெலுங்கில் கேட்டார். நீ, "நோ டாக்டர், நாங்க ரிஸ்க் எடுக்கறதில்ல" என்றாய். அவர் உன் பக்கம் திரும்பவே இல்லை. "நான் அம்மாகிட்ட கேட்டேன்" என்றார். "நடக்க விட மாட்டேங்கறாங்க டாக்டர்" என்றேன். சின்ன வகுப்புப் பிள்ளை புகார் சொல்வது மாதிரி இருந்தது, எனக்கே வெட்கமாக. "வீல்சேர் யார் சொன்னது? நான் சொல்லலையே. டிஸ்சார்ஜ் அன்னிக்கே நடக்கச் சொன்னேனே" என்றார். உன் காது சிவந்ததை நான் பார்த்தேன். கையைக் கொடு என்று உன்னிடம் கேட்டேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவர் மேஜையில் இருந்து கதவு வரைக்கும் நடந்தேன்.

அதற்குப் பிறகுதான் நான் ஏ.எஸ்.ராவ் நகருக்குத் திரும்பிப் போகிறேன் என்றேன். நீ கத்தினாய். "அங்க தனியா விழுந்து கெடந்தா யாரு பாப்பா?" நானும் கத்தினேன். கடைசியில் ஒரு மாதம் பகலில் அட்டெண்டர் இருக்கட்டும், பிசியோதெரபிப் பெண் வந்து போகட்டும் என்று சமாதானம் ஆனோம். இங்கே தரைத்தளம், பழகின வாசல், தெருவில் இறங்கினால் நாலு பேர் பேச. முதலில் கேட் வரைக்கும் நடந்தேன், பிறகு முக்குக் கடை வரைக்கும், பிறகு காய்கறி வாங்க. இப்போது ஒன்று சொல்கிறேன், பதறாதே. ஒரு நாள் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன். முழங்கையில் அடி. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றிருப்பாய். மறுநாளே ஆள் வரவழைத்துச் சுவரில் பிடிக்கக் கம்பி வைத்தேன். விழுவதற்குப் பயந்து படுத்துக்கொள்ள முடியாது, பிரபு. கம்பி வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். கால் இன்னும் கொஞ்சம் பின்தங்கும். பெயர்கள் வாயில் வந்து நின்றுவிடும். பதினேழாம் வாய்ப்பாடு பாதியில் அறுந்துபோனது. அதைச் சமையலறையில் நின்று முதலில் இருந்து மனப்பாடம் செய்தேன், கணக்கு டீச்சரான நான். சில நாட்கள் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. ரிவ்யூவில் சொன்னபோது அது இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கு வரும், சொல்ல வேண்டும், மருந்தும் உண்டு என்றார்கள். உன்னிடம் சொல்லியிருந்தால் "எல்லாம் சரியாயிடும்மா" என்றிருப்பாய். உனக்கு என்னோடு பேசும்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. நான் ஒரு வார்த்தையைத் தேடினால் நீ எடுத்துக் கொடுத்துவிடுகிறாய். கொடுக்காதே. நான் தேடி எடுக்கிறேன். கொஞ்ச நேரம் ஆகும், அதற்குள் உனக்கு ஒன்றும் கெட்டுப்போகாது.

இதெல்லாம் மனதில் இருந்தபோதுதான் "உனக்குப் பண்ணின மாதிரியே" என்றாய். மறுநாள் ஆட்டோ பிடித்து அல்வாலில் உன் மாமனார் வீட்டுக்குப் போனேன். அவர் எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியும். ராணுவ அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகும் தினம் காலையில் ஷூ மாட்டிக்கொண்டு நடக்கப் போகிறவர். அவரை டி.வி. முன்னால் படுக்க வைத்திருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். சம்பந்தி அம்மா காபி போட உள்ளே போன நேரத்தில், குரலைத் தாழ்த்தி, "அக்கய்யகாரு, நிஜம் செப்பண்டி. எப்படி இருக்கும்?" என்று கேட்டார். உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்கிற மனிதரிடம் நான் சின்ன ப்ரொசீஜர் என்று சொல்ல வேண்டுமா? சொன்னேன். முடி எடுப்பார்கள், விழிக்கும்போது குழாய்கள் இருக்கும், குழப்பம் வரலாம், வந்தால் போய்விடும், நான் போய்த் திரும்பி வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். கையைக் கட்டினார்களா என்று கேட்டார். கட்டினார்கள் என்றேன். "யாருமே செப்பலேது" என்றார். யாரும் சொல்லவில்லையாம். அவர் பயந்தார், உண்மைதான். நான் போவதற்கு முன்பே அவர் பயந்துகொண்டுதான் இருந்தார், பிரபு. அன்றைக்குத்தான் ஒரு ஆளோடு சேர்ந்து பயந்தார்.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். என் ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க டாக்டர் என்னிடம், "குடிப்பீங்களாம்மா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தினம் குடிக்கிறவர்கள் இதை மறைத்துவிடுகிறார்கள், ஆபரேஷனுக்குப் பிறகு ஒரேயடியாக நின்றுபோவதால் இரண்டு மூன்று நாளில் கைகால் நடுங்கி, இல்லாததெல்லாம் தெரிந்து, வலிப்புகூட வந்துவிடும், முன்பே தெரிந்தால் நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றார். அல்வாலில் உட்கார்ந்திருந்தபோது அது ஞாபகம் வந்தது. "அன்னய்யகாரு, சாயந்திரம் அது இன்னும் உண்டா?" என்று கேட்டேன். அவர் சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். தினமுமா என்றேன். தலையாட்டினார். ஆஸ்பத்திரியில் சொன்னீர்களா என்றேன். கேட்டார்களாம். அவர் வாயைத் திறப்பதற்குள் ஸ்ரவந்தி "நோ டாக்டர்" என்றுவிட்டாளாம். மகள் அப்படிச் சொன்ன பிறகு ஒரு அப்பா எப்படி வாயைத் திறப்பார்?

நான் யாருக்கும் ஃபோன் செய்யவில்லை. உன்னை மீறி டாக்டரிடம் போகவும் இல்லை. அவர் உடம்பு, அவர்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவர் எழுந்து பால்கனிக்குப் போய்த் தானே ஆஸ்பத்திரிக்குப் பேசினார். அடுத்த நாளே வரச்சொன்னார்கள். ஈரல் பரிசோதனை செய்து, குடியைத் தானாக நிறுத்தக் கூடாது, நாங்கள் சொல்கிறபடி மருந்தோடு குறைத்துக்கொண்டு வர வேண்டும், நடக்க வேண்டும், பருப்பும் முட்டையும் சாப்பிட வேண்டும், கட்டி காத்திருக்கும், சில வாரம் போகட்டும் என்று தேதியை மாற்றினார்கள். நடந்தது இவ்வளவுதான். ஸ்ரவந்தி எனக்கு ஃபோன் செய்து, "எங்க நான்னாவைக் குடிகாரர்னு எழுத வெச்சுட்டீங்க அத்தய்யா" என்று அழுதாள். அவள் அப்பாவின் பெயரைக் காப்பாற்ற நினைத்தாள். ஐ.சி.யூ.வில் அவரை டாக்டர்களால் காப்பாற்ற முடியாமல் போயிருந்தால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பாள்? இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அழுகிறவளிடம் எப்படிச் சொல்வது. நீ சமயம் பார்த்துச் சொல்லு, ஆனால் என் குரலில் சொல்லாதே, உன் குரலில் சொல்லு.

உன் லீவு வீணாகிவிட்டது என்றாய். மாற்றிக்கொள். இந்த முறை லீவை ஆபரேஷன் நாளில் வெளியே உட்கார்ந்து லேப்டாப் பார்க்கப் போடாதே. அவர் கண் விழித்த பிறகு வருகிற நாட்களுக்குப் போடு. அவர் கண்ணாடியும் பல் செட்டும் உன் சட்டைப்பையில் இருக்கட்டும். உள்ளே விடச் சொல்லிக் கேள், மறுத்தால் மறுபடி கேள். உரிமை இருக்கிறவன் மாதிரிக் கேள், சண்டைக்காரன் மாதிரி கேட்காதே. எழுப்பி உட்கார வைக்கலாமா, எப்போது நடக்கலாம், இந்தக் குழாய் இன்னும் வேண்டுமா என்று தினமும் கேள். அலுத்துக்கொள்வார்கள், அலுத்துக்கொள்ளட்டும். பார்க்க வருகிறவர்களைக் கும்பலாக உள்ளே விடாதே. ராத்திரி அவரைத் தூங்க விடச் சொல். டாக்டர் உன்னிடம் பேசினால், "அவர்கிட்டயே சொல்லுங்க டாக்டர்" என்று நகர்ந்து நில்.

போன வாரம் அல்வாலில் அவரோடு நடந்துகொண்டிருந்தேன். தினம் போவதில்லை, முடிந்தபோது போகிறேன். இரண்டு பேரும் மெதுவாகத்தான் நடக்கிறோம், பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். கண் விழிக்கும்போது பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டேன். மனைவியைச் சொல்வார் என்று நினைத்தேன். அல்லது மகளை. அவர் நின்று, கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அல்லுடு உண்டே சாலு" என்றார். மாப்பிள்ளை இருந்தால் போதுமாம். ஏன் என்று கேட்டேன். மனைவியும் மகளும் அவர் எதிரில் அழுவார்களாம், அவர்களைத் தேற்ற வேண்டியிருக்குமாம். "பிரபு ஏடவடு" என்றார். நீ அழ மாட்டாயாம்.

அவருக்குத் தெரியாது. என்னைக் கட்டிப்போட்டிருந்தபோது நீ என் காலடியில் நின்று கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். கண்ணாடி இல்லாவிட்டாலும் அது நீதான் என்று தெரிந்தது. நான் அவரைத் திருத்தவில்லை. நீ அங்கே இரு. அழுகை வந்தால் அழுதுகொள், ஆனால் வெளியே போகாதே.

அம்மா